அண்ணன் பதப்படுத்திய தடிகள்

அந்தத் தடி என் மேல் விழுவதற்கு முன்பே அது யாருடைய கைவேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடுகெண்ணெயும் அடுப்புப் புகையும் கலந்த காரமான வாசனை. அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய காக்கிச் சட்டையிலிருந்தும் விரல் இடுக்குகளிலிருந்தும் வீசுகிற அதே வாசனை. அது முகத்துக்கு நேரே வந்ததும், அண்ணன்தான் வந்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம், தலையைக் காப்பாற்றத் தூக்கிய என் இடது கையின் மேல் அது இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் வெளியே கேட்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகக் கேட்கும். எழுபதுகளின் நடுவில், டில்லியில், லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டி இருந்த எங்கள் ஜுக்கிகளை, அதாவது குடிசைகளை, இடித்த காலையில் நடந்தது இது. நான் சொல்ல வந்தது என் கையைப் பற்றி அல்ல. அந்தத் தடியைச் செய்த என் அண்ணனைப் பற்றி.

அண்ணன் ஆயுதப் போலீஸ் படை ஒன்றில் ஹவில்தார். துப்பாக்கி, தோட்டா எதுவும் அவர் பொறுப்பில் இல்லை. டில்லிக்கு வெளியே இருந்த முகாமில் லத்திகளைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவர் வேலை. மூங்கில் கழியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹவில்தாரா என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் யாரும் அந்தக் கழியால் அடிபட்டவர்கள் இல்லை. சேலத்துப் பக்கம் எங்கள் அப்பா ஏணிக்கும் சாரத்துக்கும் மூங்கில் விற்றவர். அந்தப் பழக்கத்தில், படையில் சேர்ந்த புதிதில் தனக்குக் கொடுத்த லத்தியை அண்ணன் தானே ஊறப்போட்டு, சுட்டு, எண்ணெய் ஏற்றி வைத்துக்கொண்டார். வடக்கே ஏதோ ஒரு ஆலை வாசலில் கலவரம் நடந்தபோது, அவர் இருந்த படைப்பிரிவான கம்பெனியில் பாதிப் பேருக்கு லத்தி கையிலேயே பிளந்துபோக, அண்ணனுடையது மட்டும் முழுதாகத் திரும்பி வந்தது. அதில் யாருடையதோ மயிரும் ரத்தமும் ஒட்டியிருந்ததாம். கமாண்டன்ட் அதை வாங்கி வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, 'இதை யார் செய்தது?' என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணன் லைனில் நிற்கவில்லை. ஸ்டோருக்கு வந்துவிட்டார்.

மூங்கில் பார்க்கத்தான் முரடு. வெட்டிப் போட்டதும் உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்கு ஆசைப்பட்டு வண்டு வந்துவிடும். ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட்டு நுழைந்து, மேல்தோலைத் தொடாமல் உள்சதையை மட்டும் தின்று தீர்க்கும். ஒரு வருஷம் போனால் வெளியே பளபளப்பும் உள்ளே மஞ்சள் மாவுமாக நிற்கும். இது நடக்காமல் இருக்க, காண்ட்ராக்டர் லாரியில் கொண்டுவந்து இறக்கும் மூங்கிலை அண்ணன் முகாமின் பின்பக்கத் தொட்டியில் போட்டு, மேலே பாறாங்கல் ஏற்றி அமுக்கி வைப்பார். வாரக்கணக்கில் ஊறும். தண்ணீர் கறுத்து, செத்த எலி நாற்றம் அடிக்கும். பாரக்கில் தங்கியிருக்கும் போலீஸ்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் திட்டுவார்கள். வண்டு தின்ன வேண்டியது எல்லாம் வெளியே வருகிறது, அதுதான் நாறுகிறது என்று பதில் சொல்வார். பிறகு நிழலில் உலர்த்தி, கரி நெருப்பின் மேல் உருட்டி உருட்டிச் சூடு காட்டுவார். மூங்கிலுக்கு வேர்க்கும். அந்த வேர்வையைச் சாக்கால் துடைத்து, கோணலை முழங்காலில் வைத்து நிமிர்த்தி, சூடு ஆறுவதற்குள் கடுகெண்ணெயைத் தேய்த்து ஏற்றுவார். கடைசியில் மெஸ் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, ரொட்டி சுடுகிற புகையில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தொங்கவிடுவார். இறக்கும்போது பேரீச்சம்பழ நிறத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வண்டும் வராது, மழையும் ஒன்றும் செய்யாது.

அதோடு விட்டுவிட மாட்டார். மைதானத்து ஓரத்தில் பழைய லாரி அச்சு ஒன்றை நட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தடியையும் அதன் மேல் முழு பலத்தோடு ஓங்கி அடிப்பார். உடைந்தால் அடுப்புக்குப் போகும், உடையாவிட்டால் ஸ்டோருக்குப் போகும். ஒரு முறை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சட்டையைக் கழற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த இரும்பு ஏதோ பரம்பரைப் பகையாளி என்பது போல அடித்தார். உள்ளங்கை பிளந்து ரத்தம் வந்தது. அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த தடியை எடுத்தார். ஒன்று தாங்கிவிட்டால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "என் தடி உடையாது பாப்பா. மண்டைதான் உடையும்" என்பார். நான் சிரிப்பேன். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். யார் மண்டை என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

கை ஓங்குவது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புதிது அல்ல. எனக்கே கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து என்னை அறைந்தார். யார் போய்ச் சொன்னார்களோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முகாமிலிருந்து சைக்கிளில் வந்தார். மாப்பிள்ளையை அன்பாகத் தோளில் கை போட்டுச் சாக்கடைக் கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அண்ணன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, மீன் குழம்பு கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னை அடித்ததே இல்லை. எனக்கு அண்ணன் மேல் அவ்வளவு பெருமை. உலகத்தில் எவன் என்னைத் தொட்டாலும் அவனுக்குச் சாவுதான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எங்கள் ஜுக்கிப் பெண்கள் காலையில் லோதி ரோடு ஃபிளாட்டுகளுக்குப் பாத்திரம் தேய்க்கவும், கட்டட வேலைக்குச் சித்தாளாகவும் போய்விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஒரு தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, அ ஆ சொல்லிக் கொடுத்து, கஞ்சி ஊற்றித் தூங்க வைப்பது என் வேலை. எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். அன்று காலையும் பிள்ளைகள் கொட்டகைக்குள்தான் இருந்தார்கள். முதலில் லாரி லாரியாகப் போலீஸ் வந்து இறங்கியது. பின்னால் புல்டோசர். ஒருவர் ஒலிபெருக்கியில் இந்தியில் ஏதோ படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் முதல் வரிசைக் குடிசைகள் சரிந்துவிட்டன. சாமான் எடுக்க உள்ளே ஓடினவர்களை முதுகில் அடித்து விரட்டினார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த வீடு ஒன்று அப்படியே தீப்பிடித்தது.

நான் கொட்டகை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "அந்தர் பச்சே ஹைன், பையா, பச்சே ஹைன்" என்று உள்ளே பிள்ளைகள் இருப்பதை இந்தியில் கத்திச் சொன்னேன். என் பக்கத்தில் அடுத்த வீட்டு அக்கா நின்றாள். அவள் பிள்ளையும் உள்ளே இருந்தது. "ஹடோ! ஜல்தி!" என்று விரட்டிக்கொண்டு வந்தவன் முதலில் அவளைத்தான் அடித்தான். நெற்றியில் ஒரே அடி. கீழே விழுந்தவள் எழுந்திருக்க முயற்சி செய்தபோது இன்னும் ஒன்று. அவள் முகம் முகமாக இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். வாசனை வந்தது, கை உடைந்தது. நான் விழவில்லை. உடைந்த கையோடு அவன் சட்டையைப் பிடித்துக் கடித்தேன். விலாவில் குத்தினான். அப்போதும் அந்தத் தடியைத்தான் பார்த்தேன். பேரீச்சம்பழ நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல், வெயிலில் பளபளத்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு எங்கள் கால்களுக்கு நடுவே வெளியே ஓடினார்கள். பின்னாலேயே கொட்டகை சாய்ந்தது. சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் வெறும் தரை இருந்தது. அடுத்த வீட்டு அக்கா பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை.

அண்ணன் அன்று வரவில்லை. அவர் ஸ்டோர் ஆள், எங்கேயும் போக மாட்டார். வந்தது அவருடைய கம்பெனி. எங்கே போகிறோம் என்று லாரி ஏறும்வரை அவர்களுக்கே சொல்லமாட்டார்களாம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு ஓடி வந்தார். தரையில் விரித்த பாயில் கிடந்த என்னைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போயிற்று. "எவன் பாப்பா? ஆளைச் சொல்லு, போதும்" என்றார். "ஆளைத் தெரியாது. தடியைத் தெரியும். உங்க தடி" என்றேன். அவர் என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தடி உடைஞ்சுதா?"

இப்போது யோசித்தால் அவர் மேல் இரக்கம்தான் வருகிறது. அவ்வளவு வருஷம் ஒவ்வொரு கம்பெனி திரும்பி வரும்போதும் அவர் கேட்டுப் பழகிய கேள்வி அது. வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் அன்று எனக்கு இரக்கம் வரவில்லை. நல்ல கையால் ஆரஞ்சுப் பையை எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். "உடையலடா! உன் தடி உடையல! சந்தோசமா போ!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அதுவரை அவரை நான் நீ என்றுகூடச் சொன்னதில்லை. அவர் உருண்டுபோன பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

எங்களை ஜமுனை ஆற்றுக்கு அப்பால், பஸ்கூடச் சரியாக வராத ஒரு பொட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். அண்ணன் பல மாதம் வரவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இளைத்திருந்தார். கூட ஒரு கான்ஸ்டபிளும் வந்தார். மதுரைக்காரர். பாரக்கில் முன்பு பக்கத்துக் கட்டிலாம். மனைவியோடு இருக்கக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகும் அண்ணனோடு ஒட்டிக்கொண்டே இருப்பவர். வந்ததும் வராததுமாக எங்கள் கூரைத் தகரத்தில் ஏறி ஆணி அடித்துக் கொடுத்தார். அவர் மேலே இருக்கும்போது அண்ணன் என் அருகில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, நான் இப்ப ஊறப்போடறது இல்லை. வந்த மூங்கிலை அப்படியே மேலால வாட்டி, எண்ணெய் பூசி, ரெண்டு நாள் புகையில காட்டி எடுத்துடறேன். பார்த்தா யாருக்கும் தெரியாது. உள்ள வண்டு வேலை பார்த்துக்கிட்டு இருக்கும். இனிமே என் கையில இருந்து போறது எல்லாம் பொக்குதான். நாலு அடி அடிச்சா உடைஞ்சிரும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மறைக்க ஒன்றும் இல்லை, அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகாமின் ஸ்டோரில், அந்த வாட்டசாட்டமான ஆட்களுக்கு நடுவில், ராப்பகலாக வண்டுகள் எனக்காகத் தின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். அண்ணன் அச்சு மேல் தடிகளை இப்போது ஒப்புக்குத் தட்டுகிறார் என்று கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். அன்று அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். மதுரைக்காரரும் கீழே இறங்கிச் சாப்பிட்டார். அவருக்குப் பரிமாறும்போது ஒரு யோசனை வந்தது. ஜுக்கியை இடித்த அன்று இவரும் லாரியில் வந்திருப்பாரா? கேட்கவில்லை. அவர் என் கையைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பழைய கெட்டித் தடிகள் ஒவ்வொன்றாகத் தொலைந்தும் தேய்ந்தும் போக, பொக்குத் தடிகள் அந்த இடத்துக்கு வந்தன. எங்கேயாவது லத்தி உடைந்தது என்று கேள்விப்பட்டால் அண்ணன் வந்து சொல்வார். காண்ட்ராக்டர் மட்டமான மூங்கில் கொடுக்கிறான் என்று அதிகாரிகள் திட்டினார்களாம். லத்தி உடைந்தால் அடிப்பது நின்றுவிடும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. எதிரே இருப்பவன் கையிலும் ஒன்று இருக்கும் என்று அண்ணனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. லத்தி அடிக்க மட்டுமே பயன்படும் என்று, அதனால் அடிபட்ட ஒருத்தியும் அதைச் செய்த ஒருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய டில்லிப் பக்கம் ஒரு கடைவீதியில் கலவரம். கூட்டம் இரும்புக் குழாயோடு வந்தது. கம்பெனி பின்வாங்கியபோது ஒரு சந்து முனையில் மதுரைக்காரர் தனியாக மாட்டிக்கொண்டார். தலைக்கு வந்த குழாயைத் தடுக்க இரண்டு கையாலும் லத்தியைக் குறுக்கே பிடித்திருக்கிறார். முதல் அடியிலேயே லத்தி இரண்டாகப் போயிற்று. அதே அடி அவர் மண்டையில் இறங்கியது. விழுந்தவரைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டுபோய், ஆள் அடையாளம் தெரியாமல் அடித்துப் போட்டிருந்தார்கள். சட்டையில் இருந்த நம்பரை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடித்தார்களாம்.

உடைந்த சாமான் எதுவானாலும் ஸ்டோருக்குத் திரும்பி வர வேண்டும் என்பது படையில் வழக்கம். மதுரைக்காரரின் லத்தி இரண்டு துண்டாக அண்ணன் மேஜைக்கு வந்தது. அதை ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். துண்டை விரித்து, உடைந்த முனையைத் தரையில் தட்டினார். மஞ்சள் மாவு கொட்டியது. அதோடு உயிருள்ள வண்டு ஒன்றும் விழுந்து ஊர்ந்தது. அண்ணன் அதைக் கட்டை விரலால் நசுக்கினார். வண்டு செத்த பிறகும் விரலை எடுக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தோல் உரிந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

மதுரைக்காரர் இருந்த குவார்ட்டர்ஸை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிறவரை மதுரைக்காரரின் மனைவியைக் கைக்குழந்தையோடு என் வீட்டில் கொண்டுவந்து விட்டார் அண்ணன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. அழவே இல்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் என் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தாள். அன்று மதியம் அவள் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "அண்ணே, நீங்கதான் கம்பு செய்றதாமே. எல்லாரும் சொன்னாக. அவுகளுக்கு நல்லதாப் பாத்து ஒண்ணு குடுத்திருக்கக் கூடாதா?"

அவள் குற்றம் சொல்லவில்லை. ஆதங்கத்தில் கேட்டாள். அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவர் எழுந்து நின்றார். "கெட்டதுன்னு தெரிஞ்சேதாம்மா குடுத்தேன். நான்தான் கெடுத்தேன். எல்லாத்தையும்" என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் ஊறப்போடாததையும் வண்டைத் தின்ன விட்டதையும் வரிசையாகச் சொன்னார். ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, நீட்ட முடியாத என் கையை அவள் முன்னால் காட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு சப்பாத்திக் கட்டையோடு எழுந்து அண்ணனை அடித்தாள். தோளில், மார்பில், காதில், கண்ணுக்கு மேலே. மாவும் ரத்தமுமாக அவர் முகம் வழிந்தது. அண்ணன் எங்கே கையைத் தூக்கித் தடுத்துவிடுவோமோ என்று பயந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பரேடில் நிற்பது போல நின்றார். முழங்கால் மடங்கி உட்கார்ந்த பிறகும் கையைப் பிரிக்கவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. நான் தடுக்கவில்லை. எனக்கு ஒரு கைதான் சரியாக இருந்தது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். அவளுக்கு அடிக்க வேண்டியிருந்தது, அவருக்கு வாங்க வேண்டியிருந்தது. கை ஓய்ந்து அவளே கட்டையைப் போட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களை அடிச்சவனையில்ல கேக்கணும்? கம்பை ஏன்க்கா கெடுக்கணும்?"

"அடிச்சவனை யாரு கேக்கறது?" என்றேன். என் குரலும் உயர்ந்துவிட்டது. "அன்னைக்கு உன் வீட்டுக்காரரும் வந்திருந்தாரா, இல்லையா? அதைச் சொல்லு."

அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "வந்திருந்தாக" என்றாள். "ராத்திரி சோறு வேணாம்னுட்டாக. பொம்பளைகளைப் போட்டு அடிச்சோம்னு சொன்னாக. வேற ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டு, அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். நானும் அழுதேன். எதற்கு யார் அழுகிறோம் என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

அண்ணன் தரையில் உட்கார்ந்தபடியே, நாளைக் காலை கமாண்டன்டிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லி? உங்களை உள்ள தள்ளுவாக. அந்தப் பொக்குக் கம்பெல்லாம் அங்கனயேதான் கெடக்கும். நாளைக்கு இன்னொருத்தி தாலி அறுப்பா. போங்க, போயி எல்லாத்தையும் எடுத்து அடுப்புல வைங்க. முன்னாடி மாதிரி கெட்டியாச் செய்யுங்க." அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் சம்மதம் கேட்கிறார் என்று புரிந்தது. அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. வீங்கி மூடிக்கொண்ட ஒரு கண்ணும் திறந்த ஒரு கண்ணுமாக அவர் காத்திருந்தார். கெட்டியாகச் செய் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? பொக்காகச் செய் என்று அந்தக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? நான் எழுந்து போய் வெந்நீர் வைத்து, துணி நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, மறுநாளே மெஸ் அடுப்பில் லத்திகள் எரியத் தொடங்கின. அன்று ரொட்டி நன்றாகப் பொங்கி வந்தது என்று பாரக்கில் பேசிக்கொண்டார்களாம்.

ரிட்டையர் ஆகும்வரை அண்ணன் கெட்டித் தடிதான் செய்தார். ஊறப்போட்டு, சுட்டு, எண்ணெய் ஏற்றி, அச்சில் அடித்துப் பார்த்து, ஒன்றையும் விடாமல் செய்தார். ஆனால் பழைய சந்தோஷம் போய்விட்டது. அச்சில் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்று கேள்விப்பட்டேன். எங்காவது தடியடி என்று பேப்பரில் வந்தால் அந்த வாரம் என் வீட்டுக்கு வரமாட்டார். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினேன். கேட்கவில்லை. நாங்கள் அந்த நாளைப் பற்றிப் பிறகு பேசியதும் இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்டால், தீர்ந்தது என்றுதான் சொல்வேன். சில நாள் காலையில் தலை வாரக் கையைத் தூக்கும்போது திரும்பவும் வரும்.

அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறார். காது மந்தம், கண் மட்டும் தெளிவு. போன மாதம் டி.வி.யில் ஏதோ ஊரில் மாணவர்களைப் போலீஸ் அடிப்பதைக் காட்டினார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகே போனார். அடிக்கிறவர்களையும் பார்க்கவில்லை, ஓடுகிறவர்களையும் பார்க்கவில்லை. கம்புகளையே பார்த்தார். "மூங்கில் இல்லையே இது" என்றார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் சத்தமாகச் சொன்னாள்: "அது ஃபைபர், மாமா. ஃபேக்டரில மெஷின்ல போட்டு எடுக்கறாங்க. கீடா, வண்டு ஒண்ணும் பிடிக்காது. உடையவும் உடையாது." செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"இதைச் செய்யறவனுக்குத் தங்கச்சி யாரும் இல்லையா பாப்பா?"

"எங்கேயாவது இருப்பா, அண்ணா" என்றேன்.